எத்தனை கிலோவாட் போடுவது? ஒரு வீட்டின் சோலார் அமைப்பை லோடிலிருந்து கணக்கிட்ட பதிவு

வீட்டுக்கு சோலார் போடுவது என்று முடிவானதும் எழும் முதல் கேள்வி, எத்தனை கிலோவாட் போடலாம் என்பதுதான். அதற்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி ஆகிய மூன்றின் அளவும் வீட்டு லோடின், அதாவது சாதனங்கள் இழுக்கும் மின்சாரத்தின், மூன்று வெவ்வேறு குணங்களைப் பொறுத்தவை. ஒரு நாளில் மொத்தம் எத்தனை யூனிட் (1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்) செலவாகிறது என்பது பேனலைத் தீர்மானிக்கிறது. ஒரே சமயத்தில் அதிகபட்சமாக எவ்வளவு இழுக்கப்படுகிறது என்பது இன்வெர்ட்டரைத் தீர்மானிக்கிறது. வெயில் இல்லாத நேரத்தில் மட்டும் எத்தனை யூனிட் தேவைப்படுகிறது என்பது பேட்டரியைத் தீர்மானிக்கிறது. "ஐந்து கிலோவாட் சிஸ்டம்" என்று மொத்தமாகச் சொல்லும்போது இந்த மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. பேனல் தேவைக்கு அதிகமாகவும் பேட்டரி தேவைக்குக் குறைவாகவும் அமைந்துபோகும் வீடுகள் பலவற்றில் நேர்வது இதுதான். பொது மின் இணைப்பும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் அமைப்பு ஒன்றை எங்கள் வீட்டுக்கு அமைத்தபோது செய்த அளவீடுகளையும் கணக்குகளையும், அவற்றின் காரணங்களோடு இங்கே எழுதுகிறேன்.

கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் லோடு. சாதனங்களின் தகட்டில் உள்ள வாட்டைக் கூட்டிப் பார்ப்பது போதாது. அளந்துதான் பார்க்க வேண்டும். பிளக்குக்கும் சாதனத்துக்கும் நடுவில் செருகும் எனர்ஜி மீட்டர் ஒன்றும், வயரைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தைக் காட்டும் கிளாம்ப் மீட்டர் ஒன்றும் இருந்தால் இந்த வேலைக்குப் போதுமானது. கிளாம்ப் மீட்டர் வாங்குவதாக இருந்தால், மோட்டார் தொடங்கும் கண உச்சத்தைப் பிடித்து வைக்கும் வசதியும் நேர்திசை (டிசி) மின்னோட்டத்தை அளக்கும் வசதியும் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. இரண்டுமே பின்னால் தேவைப்படும்.

ஃப்ரிட்ஜை எடுத்துக்கொள்வோம். அதன் பின்புறத் தகட்டில் 1.1 ஆம்பியர் என்று இருக்கிறது. அதை 230 வோல்ட்டால் பெருக்கி, 24 மணி நேரத்தாலும் பெருக்கினால் ஒரு நாளைக்கு 6 யூனிட் வருகிறது. எனர்ஜி மீட்டரைச் செருகி, வெக்கையான நாட்களாகப் பார்த்து ஓடவிட்டபோது நாள் ஒன்றுக்கு வந்தது 1.3 யூனிட்தான். தகட்டில் உள்ளது பொய் அல்ல. தொடங்கும் கணத்தைத் தவிர்த்து, ஓடும்போது அது எடுக்கக்கூடிய அதிகபட்ச மின்னோட்டம் அது. மீட்டரின் அருகில் அமர்ந்து கவனித்தால் உண்மை புரியும். கம்ப்ரஸர் ஓடும்போது 95 வாட், நின்றதும் 2 வாட், மறுபடியும் 95 வாட் என்று எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். பிறகு, கம்ப்ரஸரின் சத்தமே இல்லாத ஒரு வேளையில் மீட்டர் திடீரென்று 210 வாட்டுக்கு ஏறி, ஏறக்குறைய கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டு இறங்கும். உள்ளே படிந்த பனியை உருக்கும் ஹீட்டர் அது. தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு அந்த ஹீட்டரும் ஒரு காரணம். சிறிது நேரம் மட்டும் பார்த்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டால் இந்தச் சுழற்சிகளில் ஏதாவது ஒன்று விடுபட்டுப்போகும் என்பதால், ஃப்ரிட்ஜைக் குறைந்தது முழுதாக ஒரு நாளாவது அளப்பது அவசியம்.

மின்விசிறிகள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை. பழைய வகை சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் எடுக்கிறது. எல்லா அறைகளையும் சேர்த்தால் ஒரு நாளில் 40 ஃபேன்-மணி நேரம் வருகிறது. அதாவது 3 யூனிட். அதில் 30 மணி நேரம் மாலைக்கும் காலைக்கும் இடைப்பட்டது, முழுவதும் பேட்டரியிலிருந்து போக வேண்டியது. பிஎல்டிசி எனப்படும், பிரஷ் இல்லாத நேர்திசை மோட்டார் உள்ள ஃபேன் அதே காற்றை ஏறத்தாழ 30 வாட்டில் தருகிறது. மாற்றினால் நாளொன்றுக்கு 3 யூனிட்டாக இருப்பது 1.2 யூனிட்டாகக் குறைகிறது. இந்த 1.8 யூனிட் குறைவு பேட்டரியில் என்ன செய்கிறது என்பதைக் கீழே எண்களோடு காட்டுகிறேன்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். எல்இடி விளக்குகளுக்கு 0.36 யூனிட், இரவும் பகலும் ஓடும் ரௌட்டருக்கு 0.24, தொலைக்காட்சிக்கு 0.28, மடிக்கணினிகளுக்கு 0.45, குளிர்ந்த நீரில் துவைக்கும் வாஷிங் மெஷினுக்கு 0.3, மிக்ஸிக்கு 0.15, அயர்ன் பாக்ஸுக்கு 0.3 யூனிட். தண்ணீர் மோட்டார் ஒரு குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பது மோட்டாரின் தண்டில் கிடைக்கும் வேலை. கம்பியிலிருந்து அது இழுப்பது 1,050 வாட். 40 நிமிடம் ஓடினால் 0.7 யூனிட். ஃப்ரிட்ஜும் புதிய ஃபேன்களும் சேர, எல்லாம் 5.28 யூனிட்.

இதோடு பட்டியல் முடியவில்லை. இன்வெர்ட்டருக்கும் ஒரு பசி உண்டு. எந்தச் சாதனமும் ஓடாத நிலையில், பேட்டரி வயரில் கிளாம்ப் மீட்டரைப் போட்டால் சுமார் ஒரு ஆம்பியர் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். 5 கிலோவாட் இன்வெர்ட்டர் வெறுமனே விழித்திருக்க எடுத்துக்கொள்வது 50 வாட். 24 மணி நேரத்துக்கு 1.2 யூனிட். வீட்டில் உள்ள புதிய ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து எடுக்கும் மின்சாரமும் இதுவும் ஒன்று! விளம்பரத் தாளில் செயல்திறன் 94 சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். சும்மா இருக்கும்போது எவ்வளவு எடுக்கும் என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில்தான் தேட வேண்டும். வாங்குவதற்கு முன்பு அதைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். இதைச் சேர்த்ததும் நாளைக்கு 6.48 யூனிட் என்ற கணக்கு வருகிறது.

ஏசியையும் வாட்டர் ஹீட்டரையும் இதில் சேர்க்கவில்லை. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி இரவு முழுவதும் ஓடினால், அறையின் வெப்பத்தைப் பொறுத்து 5, 6 யூனிட் வரை எடுக்கலாம். வீட்டின் மற்ற எல்லாத் தேவைக்கும் ஈடான மின்சாரம் அது. அதுவும் முழுக்க இரவில் தேவைப்படுவது. அதைச் சோலாரில் ஓட்ட வேண்டுமென்றால் இரவுக்கான பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் ஆக வேண்டும். பொது மின் இணைப்பு இருக்கும் வீட்டில் அந்த ஒரு சாதனத்துக்காக அமைப்பு முழுவதையும் பெருக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பகலில் ஏசி ஓடும் வீடாக இருந்தால் கதையே வேறு. வெயில் அடிக்கும் நேரத்தில் ஓடும் ஏசிக்குப் பேனல்தான் வேண்டும், பேட்டரி அல்ல.

அடுத்தது வெயிலின் அளவு. பேனலின் மேல் எழுதியிருக்கும் 540 வாட் என்பது ஆய்வுக்கூட நிலைமையில் அளந்தது: ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். காலையும் மாலையும் ஒளி குறைவாகவும் நண்பகலில் அதிகமாகவும் இருப்பதால், நாள் முழுவதும் ஒரு சதுர மீட்டரில் விழும் மொத்த ஆற்றலை இந்த 1,000 வாட்டால் வகுத்து, அத்தனை மணி நேர முழு வெயில் என்று கொள்வது வழக்கம். ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 4 யூனிட் ஒளி விழுந்தால் 4 உச்ச வெயில் மணி. இந்த எண்ணை ஊகிக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் நடத்தும் பிவிஜிஐஎஸ், உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் ஆகிய இரண்டு இணையதளங்களும் இலவசமாகவே இதைத் தருகின்றன. வரைபடத்தில் வீட்டின் இடத்தைக் குறித்து, பேனலின் சாய்வையும் திசையையும் கொடுத்தால் பிவிஜிஐஎஸ் மாதவாரியாகவே எண்களைத் தருகிறது. ஆண்டுச் சராசரியை எடுக்கக் கூடாது. ஆண்டுச் சராசரியை நம்பி அமைத்தால் மேகம் மூடிய மாதங்களில் வீடு தொடர்ந்து பற்றாக்குறையில் இருக்கும். எங்கள் கூரைக்கு மிகக் குறைந்த மாதத்தின் எண் 4.0, வெயில் மாதங்களில் 6 வரை போகிறது. நான் எடுத்துக்கொண்டது 4.0.

பேனலில் உற்பத்தியாவது முழுவதும் பிளக்குக்கு வந்து சேராது. வெப்பத்தால் ஏற்படும் இழப்பே இதில் பெரியது. நல்ல வெயிலில் காற்று 34 டிகிரி என்றால், பேனலுக்குள் இருக்கும் செல் ஏறத்தாழ 65 டிகிரியைத் தொடுகிறது. ஆய்வுக்கூடத்தின் 25 டிகிரியை விட அது 40 டிகிரி அதிகம். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் திறன் குறைகிறது என்பதைப் பேனலின் விவரத் தாளிலேயே காணலாம். ஆக 14 சதவீதம் போய்விடுகிறது, மிஞ்சுவது 0.86. தூசிக்கு 0.96, வயருக்கு 0.98, பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் எம்பிபிடி கட்டுப்பாட்டுக் கருவிக்கு 0.97, லித்தியம் பேட்டரிக்குள் போய் வெளியே வருவதற்கு 0.95, வீட்டு மின்சாரமாக மாற்றுவதற்கு 0.94. எல்லாவற்றையும் பெருக்கினால் 0.70. பகலில் ஓடும் லோடுக்குப் பேட்டரி இழப்பு கிடையாது, மேகமூட்டமான மாதத்தில் செல் இவ்வளவு சூடாகவும் செய்யாது. ஆகவே இது சற்றுக் கடுமையான எண்தான். மோசமான மாதத்துக்கான கணக்கில் அந்தக் கடுமை இருக்கட்டும் என்றே விட்டுவிட்டேன்.

இப்போது பேனல் கணக்கு ஒரே வரியில் முடிகிறது. 6.48 யூனிட்டை 4.0 மணியாலும் 0.70 ஆலும் வகுத்தால் 2.31 கிலோவாட். 540 வாட் பேனலில் நான்கு போட்டால் 2.16, போதாது, ஐந்து போட்டால் 2.7. ஐந்து பேனல் என்று முடிவு செய்தோம். பழைய ஃபேன்களையே வைத்திருந்தால் 8.28 யூனிட் தேவைப்பட்டு, பேனல் 2.96 கிலோவாட்டாகி, ஆறு பேனல் வேண்டியிருந்திருக்கும். ஐந்து பேனலுக்குத் தேவைப்படும் பரப்பு, இடைவெளி சேர்க்காமல், 13 சதுர மீட்டர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 28 கிலோ. கூரைக்கு எடையை விடக் காற்றே பெரிய சோதனை. சாய்த்து நிறுத்திய பேனலின் அடியில் புகும் காற்று அதைத் தூக்கப் பார்க்கும் என்பதால், சட்டத்தின் கால்களைக் கான்கிரீட்டில் இறுக்கும் ஆங்கர் போல்ட்டுகளில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பேட்டரிக்கு வருவோம். மாலை 5 மணியிலிருந்து காலை 8 மணி வரை, 15 மணி நேரத்துக்கு மட்டும் லோடைத் தனியாக எழுதிப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் 0.8, ஃபேன்கள் 0.9, விளக்கு 0.34, ரௌட்டர் 0.15, தொலைக்காட்சி 0.28, மடிக்கணினி 0.15, இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு 0.75. மொத்தம் 3.37 யூனிட். மாற்றும்போது ஆகும் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 3.6 யூனிட் எடுக்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 3.2 வோல்ட் செல்கள் 16 தொடராக இணைந்து 51.2 வோல்ட் ஆகின்றன. 100 ஆம்பியர்-மணி என்றால் 5.12 யூனிட். நீடித்த ஆயுளுக்காக அதில் 80 சதவீதம் மட்டும் பயன்படுத்துவதாகக் கொண்டால் 4.1 யூனிட் கையில் இருக்கிறது. தேவை 3.6. ஒரு பேட்டரி போதும்.

பழைய ஃபேன்கள் இருந்திருந்தால்? இரவுத் தேவை 4.72 யூனிட்டாகி, பேட்டரியிலிருந்து 5 யூனிட் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு பேட்டரியின் 4.1 அதற்குப் போதாது. இரண்டாவது பேட்டரி வாங்கியே ஆக வேண்டும். ஃபேன்களை மாற்றியதால் ஒரு பேனலும் ஒரு முழு லித்தியம் பேட்டரியும் மிச்சமாயின. சோலார் பற்றிப் பேசுகிறவர்கள் எவ்வளவு மின்சாரம் உற்பத்தி செய்யலாம் என்பதையே பேசுகிறார்கள். இரவில் ஓடும் சாதனம் ஒன்றின் வாட்டைக் குறைப்பது எந்தப் புதிய பேனலையும் விட அதிகம் தரும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

லெட்-ஆசிட் பேட்டரியையும் இதே கணக்கில் வைத்துப் பார்த்தேன். அதைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால், 3.6 யூனிட்டுக்கு 7.2 யூனிட் கொள்ளளவு வேண்டும்: 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரிகள் நான்கு. இதுவரை பரவாயில்லை. போட்ட மின்சாரத்தில் அது திருப்பித் தருவது சுமார் 82 சதவீதம்தான் என்பதால், 0.70 என்ற நம் எண் 0.60 ஆக இறங்குகிறது. பேனல் தேவை 2.31 கிலோவாட்டிலிருந்து 2.7 கிலோவாட்டுக்கு ஏறிவிடுகிறது. பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும்போதே பேனல் தேவையும் மாறுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மேலும், லெட்-ஆசிட் பேட்டரியின் கடைசி 20 சதவீதம் ஏறுவதற்குச் சில மணி நேரம் மெதுவான சார்ஜ் தேவை. குறைந்த வெயில் உள்ள நாளில் அந்த நேரம் கிடைக்காமல், பாதி சார்ஜிலேயே நாட்கள் தொடர்ந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகும். வெயிலை நம்பி இயங்கும் அமைப்பில் எனக்கு இதுவே பெரிய குறையாகப் பட்டது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பாதியில் விட்டாலும் பாதிப்பில்லை. ஆனால் உறைநிலைக்குக் கீழே உள்ள வெப்பநிலையில் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. கடுங்குளிர் உள்ள இடங்களில் பேட்டரியை வீட்டுக்குள் வைப்பதே சரி.

தொடர்ந்து இரண்டு, மூன்று நாள் மழை மூடினால் என்ன ஆகும் என்ற கேள்வியும் எழும். பொது மின் இணைப்பு இல்லாத இடமாக இருந்தால் அத்தனை நாளைக்கான மின்சாரத்தையும் பேட்டரியில் சேமிக்க வேண்டும். நம் லோடுக்கு அது 13 முதல் 20 யூனிட் வரை போகும். இணைப்பு இருக்கும் வீட்டில் அந்த நாட்களை அதனிடமே விட்டுவிடுவது நியாயம்.

இன்வெர்ட்டரின் அளவைத் தீர்மானித்தது தண்ணீர் மோட்டார். ஒரே நேரத்தில் மோட்டார், அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாம் ஓடினாலும் 3,100 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் அயர்ன் பாக்ஸையும் மோட்டாரையும் சேர்த்து ஓட்டாமல் இருந்தால் 3 கிலோவாட் இன்வெர்ட்டரே தாராளம். ஆனால் மோட்டார் தொடங்கும் அந்தக் கணம் வேறு. ஓடும்போது 5.8 ஆம்பியர் எடுக்கும் இதே மோட்டார், தொடங்கும்போது 27 ஆம்பியர் இழுப்பதைக் கிளாம்ப் மீட்டரின் உச்சப் பதிவில் பார்த்தேன். நின்றுகொண்டிருக்கும் சுழலி வேகம் பிடிக்கும் வரை, அதாவது ஒரு நொடிக்கும் குறைவான நேரம், அந்த மின்னோட்டம் ஓடும். 230 வோல்ட்டால் பெருக்கினால் 6,200 வோல்ட்-ஆம்பியர். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் மற்ற லோடையும் சேர்த்தால் 6,800-ஐ ஒட்டி வருகிறது. 3 கிலோவாட் இன்வெர்ட்டர்கள் பொதுவாகச் சில நொடிகளுக்குத் தாங்குவது அதன் இரு மடங்கு, 6,000. அது போதாமல் ஒவ்வொரு முறையும் வீடு முழுவதும் இருண்டு, மறுபடியும் தொடங்க வேண்டிவரும். 5 கிலோவாட் இன்வெர்ட்டரின் இரு மடங்கு 10,000 என்பதால் இந்தக் கணத்தைச் சுலபமாகக் கடந்துவிடும். அதற்கு நாம் கொடுக்கும் விலை, மேலே சொன்ன 50 வாட் இருப்புச் செலவு. 3 கிலோவாட் வகையில் அது 30 வாட்டை ஒட்டியே இருக்கிறது. மோட்டாருக்கு மட்டும் அதை மெதுவாகத் தொடங்க வைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டோ, அதைப் பொது இணைப்பிலேயே விட்டோ, சிறிய இன்வெர்ட்டரோடு நிறுத்திக்கொள்வதும் மதிக்கத்தக்க முடிவே. மின் தடை நேரத்திலும் தண்ணீர் ஏற வேண்டும் என்பது எங்கள் வீட்டின் தேவையாக இருந்ததால் 5 கிலோவாட் வந்தது.

பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று எத்தனை ஆம்பியர் விடும் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் உச்ச லோடான 3,100 வாட்டுக்குப் பேட்டரியிலிருந்து 66 ஆம்பியர் போகும். 100 ஆம்பியர் விடும் பேட்டரிக்கு அது சிரமமில்லை. சார்ஜ் பக்கமும் அப்படியே: நல்ல வெயிலில் பேனல்கள் தரும் 2.1, 2.2 கிலோவாட் முழுவதும் பேட்டரிக்குள் போனாலும் 42 ஆம்பியரை ஒட்டியே வரும், பேட்டரியின் 50 ஆம்பியர் வரம்புக்குள். பேனலைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இந்த வரம்பில்தான் முட்டிக்கொள்வார்கள்.

பேனல்களை எப்படிக் கோப்பது என்பதில் வோல்ட்டேஜ் கணக்கு இரண்டு முனைகளிலும் சரியாக இருக்க வேண்டும். இந்தப் பேனலின் இயங்கு மின்னழுத்தம் 41.6 வோல்ட், திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது மின்சாரம் எதுவும் எடுக்காதபோது இருப்பது, 49.5 வோல்ட். ஐந்தையும் தொடராகக் கோத்தால் 208-ம் 247.5-ம் கிடைக்கின்றன. வெயிலில் காயும்போது 208 என்பது 179-ஆக இறங்கும். இன்வெர்ட்டரின் எம்பிபிடி வேலை செய்யக் குறைந்தது 120 வேண்டும் என்பதால் பிரச்சினை இல்லை. 10 டிகிரி குளிர்ந்த விடியலில், லோடு ஏதும் இல்லாமல் முதல் ஒளி படும்போது 247.5 என்பது 257-க்கு மேல் ஏறும். இன்வெர்ட்டரின் உச்ச வரம்பு 500 என்பதால் அதிலும் பயமில்லை. குளிரில் வோல்ட்டேஜ் கூடும் என்பதை மறந்து வரம்பின் விளிம்பில் கோத்தால், ஒரே ஒரு குளிர்ந்த காலையில் இன்வெர்ட்டரின் உள்ளீட்டுப் பகுதி எரிந்துபோகலாம்.

சந்தையில் 145 வோல்ட் மட்டுமே தாங்கும் இன்வெர்ட்டர்களும் உண்டு. அவற்றில் இந்தப் பேனலை இரண்டுக்கு மேல் தொடராகக் கோக்க முடியாது. மூன்றின் திறந்த சுற்று மின்னழுத்தமே 148.5 ஆகிவிடும். ஐந்தை இரண்டிரண்டாகப் பிரிக்க முடியாது என்பதால் ஆறு பேனலாக்கி, இரண்டிரண்டாகக் கோத்து மூன்று வரிசைகளை இணையாகச் சேர்த்தால் 83 வோல்ட்டில் 39 ஆம்பியர் ஓடும். கூரையிலிருந்து இன்வெர்ட்டருக்கு 25 மீட்டர், போகவர 50 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் என்றால் அதன் தடை 0.22 ஓம். 39 ஆம்பியரில் அந்த வயர் மட்டுமே 330 வாட்டை வெப்பமாக்கிவிடும், அதாவது பத்தில் ஒரு பங்கு. நம் தொடர் இணைப்பில் 13 ஆம்பியர்தான் ஓடுகிறது என்பதால் அதே வயரில் இழப்பு 37 வாட். மின்னோட்டம் மூன்று மடங்கானால் இழப்பு ஒன்பது மடங்காகும் என்ற விதியைக் கண்முன்னே காட்டும் எண்கள் இவை. கூரை வெப்பத்தில் தடை இன்னும் கூடும் என்பதால் நாங்கள் 6 சதுர மில்லிமீட்டர் போட்டோம்.

தொடர் இணைப்புக்கு ஒரு பலவீனம் உண்டு, அது நிழல். பிற்பகலில் ஒரு காற்றுப்போக்கிக் குழாயின் நிழல் கடைசிப் பேனலின் ஓர் ஓரத்தில் விழும். இன்வெர்ட்டரின் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றால், அந்த நிழல் செல்லின் மேல் ஏறும்போது 180 வோல்ட்டை ஒட்டி இருந்த எண் 168-க்கு இறங்குவது தெரியும். பேனல் ஒவ்வொன்றிலும் மூன்று பைபாஸ் டயோடுகள் இருக்கின்றன. நிழல் விழுந்த மூன்றில் ஒரு பகுதியை டயோடு ஒதுக்கிவிட்டு, மீதியை ஓடவிடுகிறது. ஐந்து பேனல்களில் மொத்தம் 15 பகுதிகள், அதில் ஒன்று போனது. டயோடு இல்லையென்றால் அந்த ஒரு செல்லே வரிசை முழுவதையும் இழுத்துப் பிடித்துச் சூடேறிக் கருகும். குழாயின் உயரத்தைக் குறைக்க முடிந்ததால் அந்த நிழல் இப்போது பேனலைத் தொடுவதில்லை. நிழல் விழும் இடத்தைக் குளிர்காலத்தில் பார்ப்பதுதான் பயனுள்ளது; சூரியன் தாழ்ந்து செல்லும்போது நிழல்கள் மிக நீளமாக விழும்.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பேனல் பக்கம் போடும் எம்சிபி, அதாவது மின்னோட்டம் மீறினால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச், நேர்திசை மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், ஸ்விட்ச் திறக்கும்போது எழும் தீப்பொறி தானே அணைந்துவிடும். நேர்திசை மின்சாரத்துக்கு அந்தப் பூஜ்யம் கிடையாது; 200 வோல்ட் பொறி, இடைவெளியைத் தாண்டி எரிந்துகொண்டே இருந்து எம்சிபியையே உருக்கிவிடும். பேட்டரி முனைக்கு மிக அருகில், ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் துண்டிக்கும் திறனுள்ள ஃபியூஸ் இருப்பதும் அதே அளவுக்கு முக்கியம். 5 கிலோவாட் முழுவதும் ஓடினால் பேட்டரி வயரில் 110 ஆம்பியருக்கு மேல் போகும். 35 சதுர மில்லிமீட்டர் வயரும் 150 ஆம்பியர் ஃபியூஸும் போட்டோம். கூரைச் சட்டத்துக்கான எர்த்திங், இடி மின்னல் எழுச்சிக்கான பாதுகாப்புக் கருவி, வீட்டு மின் பலகை இணைப்பு ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விட வேண்டும்.

இணைத்த பிறகு கணக்கு சரிதானா என்று பார்ப்பதில்தான் எனக்குப் பெரிய ஆர்வம் இருந்தது. வெப்பம், தூசி, வயர், எம்பிபிடி ஆகிய நான்கு இழப்புகளை மட்டும் 2.7 கிலோவாட்டுடன் பெருக்கினால் 2.12 கிலோவாட் வருகிறது. தெளிந்த வானத்தில் நண்பகலை ஒட்டி, பேட்டரி இன்னும் நிறையாத நேரத்தில் திரை காட்டியது 2.1-க்கும் 2.2-க்கும் இடையில். மழைத்தூறல் நின்று சட்டென்று வெயில் அடிக்கும்போது, பேனல் குளிர்ந்திருப்பதால், சிறிது நேரத்துக்கு 2.4-ஐயும் தாண்டும். செல் சூடாகச் சூடாக அது கீழே வருவதைத் திரையிலேயே பார்க்கலாம்.

நல்ல வெயில் நாளில் மதியத்துக்குப் பிறகு திரையில் பேனல் உற்பத்தி திடீரென்று 400, 500 வாட்டுக்கு இறங்கிவிடும். இதைப் பழுது என்று எண்ணிப் பலர் கவலைப்படுகிறார்கள். பேட்டரி நிறைந்துவிட்டது, லோடும் குறைவு, அதனால் எம்பிபிடி பேனலிலிருந்து எடுப்பதைத் தானே குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நிறைந்த பேட்டரியோடு இருக்கும் அந்த நேரத்தில்தான் தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுகிறோம். மோட்டாருக்கு ஒரு டைமர் போட்டு நண்பகலுக்கு மாற்றியதும், விடியலில் பேட்டரியில் மிஞ்சியிருக்கும் அளவு கண்கூடாக ஏறியது. அதே மோட்டார், அதே 0.7 யூனிட், ஓடும் நேரம் மட்டும் மாறியது.

பேட்டரியைப் பின்னால் பெருக்க நினைப்பவர்கள், முதலில் வாங்கும்போதே இணையாகச் சேர்க்க அனுமதிக்கும் வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சேர்க்கும் நாளில் இரண்டையும் முழுதாகச் சார்ஜ் செய்து, வோல்ட்டேஜ் ஒன்றாக இருப்பதை மீட்டரில் உறுதி செய்த பிறகே இணைக்க வேண்டும். இரண்டுக்கும் போகும் வயர்களின் நீளமும் தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தடை குறைந்த பக்கத்துப் பேட்டரியே பெரும்பாலான லோடைச் சுமந்து முன்னதாகத் தேயும். எங்கள் அமைப்பில் அதற்கான இடமும், வயர்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரும் விட்டு வைத்திருக்கிறோம். இப்போதைய இரவு லோடுக்கு ஒரு பேட்டரியே போதும்.